ஏர்செல்: தமிழ்நாட்டின் நம்பர் 1 செல்போன் நிறுவனம் திவாலானது எப்படி? விற்பனை முதல் சிக்னல் போன நாள் வரை - முழு பின்னணி

2018 பிப்ரவரி மூன்றாவது வாரம். காலையில் போனை எடுத்துப் பார்த்த தமிழ்நாட்டு மக்கள் பலருக்கு அதிர்ச்சி. டவர் இருக்க வேண்டிய இடத்தில் 'நோ சர்வீஸ்'. ஆஃப் செய்து ஆன் செய்தார்கள். சிம்மை கழற்றி, துடைத்து, மறுபடி போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

பக்கத்து வீட்டில் கேட்டால் அங்கேயும் அதே கதை. "உங்களுதும் ஏர்செல்லா?" என்பதுதான் அந்த வாரம் முழுக்க தமிழ்நாட்டில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வியாக இருந்திருக்கும். சென்னை, கோவை, மதுரை என எல்லா ஊர்களிலும் ஏர்செல் ஷோரூம்கள் முன்பு கூட்டம் குவிந்தது. சில இடங்களில் வாக்குவாதம், போலீஸ் பாதுகாப்பு என்று நிலைமை போனது.

அடுத்த சில நாட்களில், பிப்ரவரி 28-ம் தேதி, ஏர்செல் நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. அப்போது சொல்லப்பட்ட கடன் சுமார் 15,500 கோடி ரூபாய்.

பல வருடங்கள் தமிழ்நாட்டு சந்தையில் முதலிடத்தில் இருந்த நிறுவனம். தோனி விளம்பரத்தில் வந்த நிறுவனம். சென்னை சூப்பர் கிங்ஸ் ஜெர்ஸியில் பெயர் இருந்த நிறுவனம். எப்படி இந்த நிலைக்கு வந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே மாநிலம், இரண்டு 'வட்டங்கள்'

ஏர்செல் வளர்ந்த கதை புரிய வேண்டும் என்றால், அதற்கு முன்னால் இந்தியாவில் செல்போன் எப்படி வந்தது என்று தெரிய வேண்டும்.

தொலைத்தொடர்பு சேவைக்காக நாட்டை 'வட்டம்' வட்டமாகப் பிரித்தது மத்திய அரசு. ஒவ்வொரு வட்டத்துக்கும் தனி லைசென்ஸ். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கும் தனி வட்டங்கள். அதாவது சென்னை ஒரு வட்டம், புதுச்சேரியையும் சேர்த்து மீதி தமிழ்நாடு இன்னொரு வட்டம். தெற்கே சென்னை வட்டத்தின் எல்லை மறைமலை நகர், மாமல்லபுரம் பக்கம் முடிந்துவிடும். அதைத் தாண்டிப் போனால் அது 'வேறு ஊர்' கணக்கு.

சென்னையில் முதலில் சேவை கொடுத்தவை இரண்டு நிறுவனங்கள்: ஆர்பிஜி செல்லுலார், ஸ்கைசெல். அப்போது ஒரு நிமிடம் பேச 16 ரூபாய் 80 காசு வரை கட்டணம். இன்னொரு கொடுமை, நமக்கு யாராவது போன் செய்தாலும் காசு போகும். போன் அடித்தால், நம்பரைப் பார்த்துவிட்டு கட் பண்ணி, பக்கத்து எஸ்.டி.டி பூத்துக்குப் போய் திருப்பிக் கூப்பிட்ட காலம் அது.

இந்த நிலை மாறத் தொடங்கியது 1999-ல். அதுவரை, ஏலத்தில் கேட்ட லைசென்ஸ் தொகையை வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் நிறுவனங்கள் கட்டியாக வேண்டும். புதிய தொலைத்தொடர்புக் கொள்கை அதை மாற்றியது. 'வரும் வருமானத்தில் ஒரு பங்கைக் கொடுத்தால் போதும்' என்றது அரசு. மூச்சு முட்டிக்கொண்டிருந்த நிறுவனங்களுக்கு இது பெரிய நிம்மதி.

அதே 1999-ல்தான் தமிழ்நாடு வட்டத்தில் ஏர்செல் சேவை தொடங்கியது.

யார் இந்த சிவசங்கரன்?

ஏர்செல்லைத் தொடங்கியவர் தொழிலதிபர் சி.சிவசங்கரன். 1980களில் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் மூலம், மற்றவர்களைவிட மிகக் குறைந்த விலையில் கம்ப்யூட்டர் விற்று பெயர் வாங்கியவர். 'அடுத்தவன் விற்கும் விலையைவிடக் குறைத்து விற்பது' என்ற அதே சூத்திரத்தைத்தான் செல்போனிலும் கையில் எடுத்தார்.

பெரிய நிறுவனங்கள் மாநகரங்களை மையமாக வைத்து யோசித்தபோது, ஏர்செல்லின் களம் திருச்சி, சேலம், திருநெல்வேலி மாதிரியான ஊர்களும் அவற்றைச் சுற்றியிருந்த சிறு நகரங்களும்தான். பெட்டிக்கடையில் கிடைக்கும் ரீசார்ஜ் கார்டு, குறைந்த விலை டாப்-அப் என்று மாதச் சம்பளம் இல்லாதவர்களையும் வாடிக்கையாளர் ஆக்கியது.

2003-ல் இரண்டு முக்கியமான விஷயங்கள் நடந்தன.

ஒன்று, இன்கமிங் கால் இலவசமானது. செல்போன் வைத்திருப்பது பணக்காரர்களின் அடையாளம் என்ற நிலை அதோடு முடிவுக்கு வந்தது.

இரண்டு, சென்னையில் இருந்த ஆர்பிஜி செல்லுலாரை ஏர்செல் வாங்கியது. அதாவது சென்னை வட்டம், தமிழ்நாடு வட்டம் இரண்டிலும் இப்போது ஏர்செல். ஊரில் அப்பா, அம்மா. சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளை. இவர்கள் எல்லோரும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் பேசுவதற்கு செலவு குறைவு. வீட்டில் ஒருவர் ஏர்செல் வாங்கினால் மொத்த குடும்பமும் ஏர்செல் வாங்கியது இப்படித்தான்.

மேக்சிஸ் உள்ளே வந்தது எப்படி?

2005-ல் மத்திய அரசு இன்னொரு முடிவெடுத்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்களில் வெளிநாட்டு முதலீட்டின் உச்சவரம்பு 49 சதவீதத்தில் இருந்து 74 சதவீதமாக உயர்ந்தது.

அந்த ஆண்டு இறுதியிலேயே ஒப்பந்த அறிவிப்பு வந்தது. மலேசியாவின் மேக்சிஸ் நிறுவனம் ஏர்செல்லை வாங்குகிறது. எவ்வளவு பங்கு தெரியுமா? சரியாக 74 சதவீதம். மீதி 26 சதவீதம், அப்போலோ மருத்துவமனை குழுமத்தின் ரெட்டி குடும்பத்தைச் சேர்ந்த முதலீட்டு நிறுவனத்துக்கு. ஏர்செல்லின் மொத்த மதிப்பு 100 கோடி டாலருக்கு மேல் என்று கணக்கிடப்பட்டது. 2006-ல் கைமாற்றம் முடிந்தது.

மேக்சிஸின் உரிமையாளர் டி.ஆனந்தகிருஷ்ணன். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தின் வாரிசாக, கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் பிறந்தவர். ஆஸ்ட்ரோ தொலைக்காட்சிக்குச் சொந்தக்காரர், மலேசியாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். ஒரு தமிழரிடம் இருந்து இன்னொரு தமிழருக்குப் போனது என்று அப்போது இந்த விற்பனையைப் பெருமையாகப் பேசியவர்களும் உண்டு.

ஆனால் பிரச்னையே இந்த விற்பனையில்தான் ஆரம்பித்தது.

வழக்குகள்: என்ன குற்றச்சாட்டு, என்ன தீர்ப்பு?

ஏர்செல் புதிய வட்டங்களுக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பித்திருந்தது. அவை கிடப்பில் போடப்பட்டதாகவும், நிறுவனத்தை மேக்சிஸுக்கு விற்கும்படி தனக்கு நெருக்கடி கொடுக்கப்பட்டதாகவும் 2011-ல் சிபிஐ-யிடம் சிவசங்கரன் புகார் சொன்னார். அவர் கை நீட்டியது, 2004 முதல் 2007 வரை தொலைத்தொடர்புத் துறை அமைச்சராக இருந்த தயாநிதி மாறனை நோக்கி. பதிலுக்கு சன் குழும நிறுவனத்தில் மேக்சிஸ் தரப்பு முதலீடு செய்தது என்பது சிபிஐ-யின் குற்றச்சாட்டு.

மாறன் சகோதரர்கள் இதை முழுமையாக மறுத்தனர். 2014-ல் குற்றப்பத்திரிகை தாக்கலானது. 2017 பிப்ரவரி 2-ம் தேதி, டெல்லி சிபிஐ சிறப்பு நீதிபதி ஓ.பி.சைனி இருவரையும் வழக்கில் இருந்து விடுவித்தார். கோப்புகளைத் தவறாகப் புரிந்துகொண்டும், சாட்சிகளின் முரண்பட்ட வாக்குமூலங்களையும் ஊகங்களையும் வைத்தும் குற்றச்சாட்டுகள் கட்டப்பட்டிருக்கின்றன என்பது நீதிபதியின் பார்வை.

இரண்டாவது வழக்கு, மேக்சிஸ் முதலீட்டுக்கு 2006-ல் கொடுக்கப்பட்ட அனுமதி தொடர்பானது. நிதியமைச்சர் 600 கோடி ரூபாய் வரையிலான வெளிநாட்டு முதலீட்டுக்குத்தான் அனுமதி தர முடியும், அதற்கு மேல் என்றால் அமைச்சரவைக் குழுவுக்குப் போக வேண்டும், இங்கே அப்படிப் போகவில்லை என்பது விசாரணை அமைப்புகளின் வாதம். அப்போதைய நிதியமைச்சர் ப.சிதம்பரம், அவரது மகன் கார்த்தி சிதம்பரம் மீது 2018-ல் குற்றப்பத்திரிகைகள் தாக்கலாயின. இருவரும் குற்றச்சாட்டை மறுத்து, இது அரசியல் பழிவாங்கல் என்று சொல்லி வருகின்றனர்.

வழக்குகளின் முடிவு எதுவாக இருந்தாலும், ஒரு விஷயம் உறுதி. 2011-க்குப் பிறகு 'ஏர்செல்' என்ற பெயரோடு 'மேக்சிஸ் வழக்கு' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. வங்கியில் கடன் கேட்கும்போதும், ஸ்பெக்ட்ரத்தை விற்கப் போகும்போதும் அந்த நிழல் கூடவே வந்தது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே, ஆனந்தகிருஷ்ணன் நேரில் ஆஜராகவில்லை என்றால் ஏர்செல்லின் 2ஜி ஸ்பெக்ட்ரத்தை முடக்க நேரிடும் என்று எச்சரித்தது.

மண்ணின் நிறுவனம் நாடு முழுக்கப் போனது

சரி, மீண்டும் 2006-க்கு வருவோம். கையில் பணம் இருக்கும் புதிய முதலாளி. அடுத்தடுத்து லைசென்ஸ்களும் கிடைத்தன. தமிழ்நாட்டு நிறுவனமாக இருந்த ஏர்செல், நாடு முழுவதும் செல்லும் நிறுவனமாக மாறத் தொடங்கியது.

விளம்பரத்திலும் கலக்கியது. 2008-ல் ஐபிஎல் தொடங்கியபோது சிஎஸ்கே ஜெர்ஸியில் ஏர்செல். சென்னை ஓபன் டென்னிஸ் 'ஏர்செல் சென்னை ஓபன்' ஆனது. நாட்டில் மிச்சம் இருப்பது 1,411 புலிகள்தான் என்று 2010-ல் எல்லோரையும் பேச வைத்த 'சேவ் அவர் டைகர்ஸ்' பிரசாரமும் ஏர்செல்லுடையதுதான். கல்லூரி மாணவர்கள் கையில் நோக்கியா போன், அதில் ஏர்செல் 'பாக்கெட் இன்டர்நெட்' என்பது அன்றைய தமிழ்நாட்டின் அடையாளங்களில் ஒன்று.

ஆனால் உள்ளே கணக்கு வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது.

2009-ல் டாடா டோகோமோ 'ஒரு நொடிக்கு ஒரு பைசா' என்று வந்தது. மற்ற எல்லோரும் விலையைக் குறைத்தாக வேண்டிய கட்டாயம். ஒரே வட்டத்தில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் மோதிய காலம் அது. 2011 ஜனவரியில் நம்பரை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதியும் நாடு முழுக்க வந்துவிட்டது. வாடிக்கையாளரைப் பிடிப்பதும் கஷ்டம், பிடித்து வைப்பது அதைவிடக் கஷ்டம்.

திருப்புமுனை 2010: டவரை விற்று ஸ்பெக்ட்ரம்

ஏர்செல்லின் வீழ்ச்சிக்கு எல்லோரும் ஜியோவைத்தான் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், ஜியோ வருவதற்கு ஆறு வருடம் முன்பே சிக்கல் தொடங்கிவிட்டது தெரியும்.

2010 தொடக்கத்தில் தன்னிடம் இருந்த 17,500 டவர்களை ஜிடிஎல் இன்ஃப்ரா நிறுவனத்துக்கு 8,400 கோடி ரூபாய்க்கு விற்க ஒப்பந்தம் போட்டது ஏர்செல். விற்ற டவரிலேயே வாடகைக்கு இருந்துகொள்ளும் ஏற்பாடு. சொந்த வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பது மாதிரி. கையில் மொத்தமாகப் பணம் வரும். ஆனால் அன்றிலிருந்து மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும்.

அதே ஆண்டு 3ஜி ஏலம் நடந்தது. 13 வட்டங்களில் 3ஜி ஸ்பெக்ட்ரம் வாங்க ஏர்செல் கொடுத்த தொகை சுமார் 6,500 கோடி ரூபாய். அடுத்து நடந்த பிராட்பேண்ட் ஸ்பெக்ட்ரம் ஏலத்தில், தமிழ்நாடு உட்பட 8 வட்டங்களுக்கு சுமார் 3,438 கோடி. இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட 10,000 கோடி. டவரை விற்ற தொகையைவிட இது அதிகம். மிச்சத்துக்கும், நெட்வொர்க் போடும் செலவுக்கும் கடன்தான்.

இந்த பிராட்பேண்ட் ஸ்பெக்ட்ரம்தான் பின்னாளில் 4ஜி-க்குப் பயன்பட்டது. அதாவது தமிழ்நாட்டில் 4ஜி கொடுப்பதற்கான சாவி 2010-லேயே ஏர்செல் கையில் இருந்தது. ஆனால் அதை வைத்து ஊர் ஊராக நெட்வொர்க் போட காசு இல்லை.

2016 ஏப்ரலில் அந்த ஸ்பெக்ட்ரத்தை ஏர்டெல்லுக்கு விற்றது ஏர்செல். எவ்வளவுக்கு? 3,500 கோடி. 3,438 கோடிக்கு வாங்கியதை ஆறு வருடம் கழித்து கிட்டத்தட்ட அதே விலைக்கு விற்றால், இடைப்பட்ட வட்டி எல்லாம் நஷ்டக் கணக்குதானே? மொத்தக் கடனுக்கு முன்னால் அந்தப் பணமும் யானைப் பசிக்கு சோளப்பொறிதான்.

அதைவிடக் கொடுமை, விற்ற நேரம். சரியாக ஐந்து மாதத்தில், 2016 செப்டம்பர் 5-ம் தேதி, ஜியோ வந்தது. கால் இலவசம், 4ஜி டேட்டாவும் முதல் சில மாதங்களுக்கு இலவசம். தமிழ்நாட்டின் பழைய ராஜாவிடம் பதிலுக்குக் கொடுக்க 4ஜி இல்லை.

கடைசி கயிறும் அறுந்தது

கடைசி முயற்சியாக, அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் இணைய 2016 செப்டம்பரில் ஏர்செல் ஒப்பந்தம் செய்தது. ஆளுக்குப் பாதி பங்கு என்று திட்டம். ஆனால் கடன் கொடுத்தவர்களின் எதிர்ப்பு, சட்டச் சிக்கல்கள், ஒப்புதல் தாமதம் என இழுத்துக்கொண்டே போய், 2017 அக்டோபர் 1-ம் தேதி 'ஒப்பந்தம் ரத்து' என்ற அறிவிப்பு வந்தது. (ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் பின்னர் திவால் நடவடிக்கைக்குப் போனது தனிக்கதை.)

2018 ஜனவரி இறுதியில் குஜராத், மகாராஷ்டிரா உட்பட 6 வட்டங்களில் ஏர்செல் கடையை மூடியது. மூன்றே வாரத்தில் தமிழ்நாட்டில் சிக்னல் போனது. காரணம்? டவர் நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. 2010-ல் டவரை விற்று வாடகைக்கு மாறிய முடிவு, எட்டு வருடம் கழித்து இப்படித்தான் வீட்டு வாசலில் வந்து நின்றது.

உண்மையில் நஷ்டப்பட்டது யார்?

ஆனந்தகிருஷ்ணன் தரப்புக்கு ஏர்செல்லால் ஏற்பட்ட இழப்பு சுமார் 700 கோடி டாலர் என்று அப்போது செய்திகள் வெளியாகின. 2024 நவம்பரில் அவர் காலமானபோது எழுதப்பட்ட இரங்கல் செய்திகளிலும் ஏர்செல் இடம்பெற்றது. வங்கிகளுக்கும் பல்லாயிரம் கோடி பாக்கி.

ஆனால் செய்திகளில் அதிகம் வராத இழப்புகளும் உண்டு.

ரீசார்ஜ் கடைக்காரர்கள் முன்கூட்டியே பணம் கட்டித்தான் டாப்-அப் பேலன்ஸ் வாங்கி வைப்பார்கள். நெட்வொர்க்கே இல்லாமல் போனால் அந்த பேலன்ஸை யாருக்கு விற்பது? ஆயிரக்கணக்கான ஊழியர்களின் வேலையும் கேள்விக்குறி ஆனது.

அடுத்து சாதாரண வாடிக்கையாளர்கள். 2018-ல் செல்போன் நம்பர் என்பது பேசுவதற்கு மட்டுமானது இல்லை. வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் புக்கிங், பி.எஃப் எல்லாமே அந்த நம்பரில் வரும் ஓடிபி-யை நம்பி இருந்தன. 15 வருடமாக அதே நம்பரை வைத்துத் தொழில் செய்யும் எலக்ட்ரீஷியனுக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும், விசிட்டிங் கார்டு, கடை போர்டு எல்லாமே அந்தப் பத்து இலக்கங்கள்தான்.

'அதான் போர்ட் பண்ணலாமே' என்று கேட்கலாம். சிக்கல் அங்கேதான். போர்ட் செய்ய 1900 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ் அனுப்பி, ஒரு கோடு வாங்க வேண்டும். அந்த எஸ்.எம்.எஸ் போவதற்கே ஏர்செல் சிக்னல் வேண்டும். கோடு தர வேண்டியதும் ஏர்செல். மூழ்கும் கப்பலில் இருந்து இறங்க, அந்தக் கப்பலின் கேப்டனிடமே சீட்டு வாங்க வேண்டிய நிலை. சிக்னல் ஒரு கோடு தெரிகிற இடத்தைத் தேடி, மக்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியிலும் பஸ் ஸ்டாண்டிலும் அலைந்தது இதனால்தான்.

பிறகு டிராய் தலையிட்டு, 2018 ஏப்ரல் 15 வரை போர்ட் செய்ய வழி செய்தது. லட்சக்கணக்கானோர் ஏர்டெல், ஜியோ, வோடஃபோன், பிஎஸ்என்எல் என்று மாறினார்கள். முடியாதவர்கள் நம்பரை இழந்தார்கள்.

இப்போது ஏர்செல் என்ன நிலையில் இருக்கிறது?

2020 ஜூனில், யுவி ஏஆர்சி என்ற சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்தின் மீட்புத் திட்டத்துக்கு தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் ஒப்புதல் கொடுத்தது. ஆனால் ஒரு பெரிய கேள்வி குறுக்கே வந்தது: ஏர்செல்லிடம் இருந்ததிலேயே மதிப்புள்ள பொருள் ஸ்பெக்ட்ரம். அது யாருடையது? 'எங்களிடம் அடமானம் இருக்கிறது' என்பது வங்கிகளின் வாதம். 'அது நாட்டின் இயற்கை வளம், எங்கள் பாக்கியைக் கொடுக்காமல் கைமாற்ற முடியாது' என்பது மத்திய அரசின் வாதம். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அரசின் பாக்கியைத் தீர்க்காமல் ஸ்பெக்ட்ரத்தைப் பயன்படுத்த முடியாது என்றது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

ஏர்செல்லை விற்ற சிவசங்கரன் என்ன ஆனார்? அவர் 'எஸ் டெல்' என்ற பெயரில் மீண்டும் செல்போன் தொழிலுக்கு வந்தார். 2012-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த 122 லைசென்ஸ்களில் எஸ் டெல்லின் லைசென்ஸ்களும் அடக்கம்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் போட்டி போட்ட சந்தையில் இப்போது மிச்சம் இருப்பது மூன்று தனியார் நிறுவனங்களும் பிஎஸ்என்எல்லும்தான். 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்த நாட்களில் கட்டணத்தை உயர்த்தின. பல பிளான்கள் 10 முதல் 25 சதவீதம் வரை ஏறின. 'வேற கம்பெனிக்கு மாறிடுவேன்' என்று மிரட்ட நமக்கு இன்று அதிக வழி இல்லை. விலைப் போரில் அன்று நமக்குக் கிடைத்த லாபத்தின் ஒரு பகுதியை இன்று ரீசார்ஜில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. 2019 டிசம்பர் முதல் போர்ட் கோடை உருவாக்கித் தருவது, நாம் விட்டு வெளியேறும் நிறுவனம் இல்லை. அதற்கென இருக்கும் தனி அமைப்பு. ஆனாலும் 1900-க்கு எஸ்.எம்.எஸ் அனுப்ப நம் சிம்மில் சிக்னல் இருந்தாக வேண்டும்.

அதனால் இரண்டு விஷயங்கள். வங்கி, ஆதார் எல்லாம் ஒரே சிம்மில் இருக்கிறது என்றால், வங்கியில் இமெயில் முகவரியையும் பதிவு செய்து வையுங்கள். உங்கள் நெட்வொர்க் நாள் கணக்கில் படுத்துக்கொண்டே இருந்தால், 'சரியாகிடும்' என்று கடைசி வரை காத்திருக்காமல், சிக்னல் இருக்கும்போதே மாறிவிடுங்கள்.

2018 பிப்ரவரியில் காலையில் போனை எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

ஏர்செல் - ஒரு பார்வையில்

• 1999: தமிழ்நாடு வட்டத்தில் சேவை தொடக்கம்
• 2003: சென்னையின் ஆர்பிஜி செல்லுலாரை வாங்கியது
• 2006: 74% பங்கு மலேசியாவின் மேக்சிஸ் வசம்
• 2010: 17,500 டவர்கள் விற்பனை, 3ஜி, பிராட்பேண்ட் ஸ்பெக்ட்ரத்துக்கு சுமார் 10,000 கோடி செலவு
• 2016: 4ஜி ஸ்பெக்ட்ரம் ஏர்டெல்லுக்கு விற்பனை, ஜியோ வருகை
• 2017: ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் இணைப்பு ரத்து
• 2018: தமிழ்நாட்டில் சேவை முடக்கம், திவால் விண்ணப்பம்